முழுக்கத் திருகி வைத்தவர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார். குற்றாலம் சாலையில் இருந்த அவர் வீட்டுக் கூடத்தில் அப்படி மாட்டியவை ஏற்கெனவே நிறைய உண்டு. அர்ஜென்டினா, ஜப்பான், பின்லாந்து என்று தூர தேசத்து ஹாம் ரேடியோக்காரர்கள் அவரோடு பேசியதற்கு அத்தாட்சியாக அனுப்பிய அட்டைகள். உள்ளூர்க்காரர் அட்டை ஒன்றுகூட அதில் கிடையாது. தூரத்தில் இருப்பவன் முனகினாலும் அவருக்கு அது சிக்னல். பக்கத்தில் இருப்பவன் பேசினால் சத்தம். இந்த ஒரு வாக்கியத்தோடு அவரை முடித்துவிடலாம்தான். ஆனால் அவரால் ஒரு பெண்ணின் வீட்டு மாடியில் நின்ற ஏரியல் கம்பம் இறங்க இருந்தது. அதனால் கொஞ்சம் விரித்து எழுத வேண்டியிருக்கிறது.

ஹாம் என்பவர்கள் அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தபடியே வானலையில் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்கள். பொழுதுபோக்குதான். தென்காசி, செங்கோட்டை சுற்று வட்டாரத்தில் நாங்கள் பத்துப் பேர் தேறுவோம். ஞாயிறு காலை ஒரே அலைவரிசையில் கூடுவோம். அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் அவர். வேறு யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. எங்கள் கைக்கருவிகளின் பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் குழுவின் பொதுக் கருவி அவர் வீட்டு மொட்டைமாடிக் கோபுரத்தில் இருந்தது. கோபுரம் அவருடையது, ஆகவே கூட்டமும் அவருடையது. குழுவில் பாதிப் பேர் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

செங்கோட்டைப் பக்கம் மரம் அறுக்கும் மில் வைத்திருந்தவர். முப்பது வருடம் காலை ஏழு மணிக்கு வாளை ஓட விட்டுத் தெருவையே அதிர வைத்த மனிதர். மில்லை விற்றுவிட்டு ரேடியோவுக்குள் புகுந்த பிறகு, அடுத்த வீட்டு மிக்ஸி அவருக்குப் பொறுக்கவில்லை. எதிர் வரிசையில் தையல் கடை வைத்திருந்தவரிடம் போய், மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத் தைக்கச் சொன்னார்.

"மில்லு ஓடுனப்போ எங்க வீட்டுத் தொட்டில்ல பிள்ள ஒறங்காது. அன்னைக்கு நாங்க உங்ககிட்ட வந்து ஏதாச்சும் கேட்டமா அண்ணாச்சி?" என்றார் தையல்காரர்.

"அது தொழில்வே" என்றார் இவர்.

"இது மட்டும் என்ன, விளையாட்டா?"

இவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்வி சத்தம் என்று தீர்மானித்து உள்ளே போய்விட்டார்.

அவருடைய ரிசீவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விலை உயர்ந்தது. அதை வாங்கிய நாளிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அதன் டைனமிக் ரேஞ்ச் இத்தனை என்று விளம்பரத் தாளில் இருந்த எண்ணை ஒப்பிப்பார். காபி வருவதற்கு முன்பு ஒரு தடவை, குடித்த பிறகு ஒரு தடவை. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அவர் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. சீசன் சமயத்தில் பேரருவிக்கு அடியில் நிற்கிறோம், தண்ணீர் இரைகிறது, பக்கத்தில் ஒருவன் கூச்சல் போடுகிறான். அந்த நேரத்தில் படிக்கட்டுக்கு மேலே நிற்கும் பெண்டாட்டி கூப்பிடுவதும் நம் காதில் விழுந்தால், நம் காதுக்கு அகலம் அதிகம். டைனமிக் ரேஞ்ச் என்பது அந்த அகலம்தான். பலத்த சிக்னல் பக்கத்தில் இருக்கும்போதே மெலிந்ததையும் கேட்பது. பலத்ததைக் கண்டு மிரளாமல் இருப்பது.

அந்த அகலத்தை அவர் காசு கொடுத்து வாங்கி, முகப்பில் இருந்த ஒரே ஒரு திருகால் ஒழித்தார். திருகின் பெயர் நாய்ஸ் பிளாங்கர். மின்கம்பியிலிருந்தோ வண்டி எஞ்சினிலிருந்தோ டிக் டிக்கென்று வெட்டும் சத்தம் வரும்போது, அந்த நொடித்துளிக்கு மட்டும் ரிசீவரின் வாயைப் பொத்திவிட்டு உடனே திறக்கும். காதுக்கு இடைவெளி தெரியாது, வெட்டுச் சத்தமும் போய்விடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு டிக் சத்தமும் பலமான மனிதக் குரலும் வேறு வேறு என்று தெரியாது. திருகை அளவோடு வைத்தால் பாதகமில்லை. முழுக்கத் திருகி வைத்தால், பக்கத்தில் ஒருவர் பலமாகப் பேசும் ஒவ்வொரு அசைக்கும் பொத்தும், திறக்கும், பொத்தும், திறக்கும். அந்தக் குரல் கிழிந்து அலைவரிசையின் மேலும் கீழும் கரகரவென்று சிதறியதுபோல் கேட்கும். பேசுகிறவரின் கருவி கெட்டுப்போய் ஊரெல்லாம் அழுக்கைத் தெளிப்பதாகத் தோன்றும். கெட்டது அந்தப் பக்கம் இல்லை, கேட்கிற பக்கம். திருகைத் தணித்தால் அடுத்த நொடியே எல்லாம் சுத்தமாகிவிடும். ஹாம்களில் புதிதாக வந்தவன் இந்தத் தவறை ஒரு தடவை செய்வான். இவர் அதைக் குடும்பச் சொத்துபோல் வைத்திருந்தார்.

அவர் வீட்டு முன் மின்கம்பத்தில் ஏதோ ஒரு பிடி தளர்ந்து, பங்குனி வெயிலிலும் காற்றிலும் பொறி பறந்து ரேடியோவில் இரையும். அது உண்மை. அதற்காகத்தான் திருகை ஏற்றினார், அதையும் ஒப்புக்கொள்கிறேன். மின்வாரிய அலுவலகத்துக்கு அவர் நடந்த நடையில் லைன்மேன் ஒருவர் அலுத்துப்போய், ஒரு நாள் ஏணி போட்டு ஏறினார். நான் கீழே நின்றிருந்தேன். லைன்மேன் மேலே போய்க் கம்பியைத் தாங்கும் ஒரு பீங்கானைத் தட்டிப் பார்த்தார், காற்று வாங்கினார், இறங்கினார்.

"என்ன செஞ்சிய?" என்று கேட்டேன்.

"ஏறுனேன். எறங்குனேன். அவருக்கு ஆள் ஏறணும், அம்புட்டுதான்" என்றார்.

அன்று சாயங்காலம் சாரல் பிடித்தது. இந்த வகை இரைச்சல் மழை நனைத்தால் அடங்கிவிடும். பொறி பறக்கும் இடைவெளியை ஈரம் மூடிவிடும். இவர் போன் பண்ணி, "என்ன கைவே அவனுக்கு! ஒரே ஏத்தத்துல சரி பண்ணிட்டான்" என்று புல்லரித்தார். மழையால் அடங்கியது என்றேன். "உமக்கு எதுலயும் ஒரு குத்தம்" என்று வைத்துவிட்டார். அந்தச் சாரல் ஆனி, ஆடி என்று நீண்டது. கம்பி நனைந்துகொண்டே இருந்தது, இரைச்சல் இல்லவே இல்லை. திருகு மட்டும் பங்குனியில் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

புளியறைக்குப் போனது அதற்கு முந்தின வருடம். ஊருக்குள் இரைச்சல், மலையடிவாரத்தில் அமைதியாகக் கேட்கலாம் என்று தன் பழைய பெட்ரோல் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கேரள எல்லைச் சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, ரேடியோவைக் கார் பேட்டரியில் மாட்டினார். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று எஞ்சினை ஓட விட்டார். ரேடியோவில் டிக் டிக்கென்று வெட்டியது. சாவடியில் வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தார். இறங்கி நேரே போய், கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களிடம், "எஞ்சின ஆஃப் பண்ணுங்கப்பா, ரேடியோவுல இரையுது" என்றார்.

"பாட்டு கேக்கதுக்கா இவ்வளவு தூரம் வந்திய?" என்றார் ஒருவர்.

இன்னொருவர், "ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் ஆவாது அண்ணாச்சி. நீங்க வந்து தள்ளுவியளா? சொல்லுங்க, இப்பமே ஆஃப் பண்ணுதேன்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது.

டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது, பொறி கிடையாது, ஆகவே இந்த இரைச்சல் லாரியிலிருந்து வர வழியில்லை என்று நான் அவரிடம் விளக்கினேன். "இரைச்சலுன்னா இரைச்சல்தான்வே. அதுல என்ன டீசல், பெட்ரோல்?" என்றார். பிறகு பசித்தது. புரோட்டா சாப்பிடப் போகிறபோது கார் எஞ்சினை அணைத்தார். ரேடியோ சட்டென்று அமைதியாகி, எங்கோ ஒரு மெல்லிய மோர்ஸ் ஒலி தெளிந்து கேட்டது. "பாத்தீரா, லாரிக்காரன் கெளம்பிட்டான்" என்றார். திரும்பிப் பார்த்தேன். அத்தனை லாரியும் எஞ்சின் ஓட அங்கேயே நின்றுகொண்டிருந்தன. தள்ளச் சொன்ன டிரைவர் இரண்டாவது டீ வாங்கிக்கொண்டிருந்தார். இவரோ கண்ணை மூடி, யாரோ ஒரு வெளிநாட்டான் தட்டிய புள்ளியையும் கோட்டையும் ரசித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் வடகரைப் பெண் மாட்டினாள்.

புருஷன் ஷார்ஜாவில். வீட்டில் மாமனாரும் அவளும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணினி டியூஷன் எடுப்பாள். தேர்வு எழுதி உரிமம் வாங்கி, மாடியில் இரும்புக் குழாயை நட்டு ஏரியல் கட்டியிருந்தாள். மாமனாருக்கு அதில் அரை மனது. சர்க்கார் உரிமம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பேசாமல் இருந்தார். வாட்ஸ்அப் காலத்தில் இது எதற்கு என்று அவளிடம் ஒரு முறை கேட்டேன்.

"போன்ல நம்ம ஆளுவதான அண்ணாச்சி பேசுவாவ? இதுலதான் யாருன்னே தெரியாத ஆளு, நல்லா இருக்கியளான்னு கேக்காவ" என்றாள்.

அவள் கருவி பலமானது, ஏரியல் உயரமானது, வடகரை தென்காசிக்குப் பக்கம். ஞாயிறு கூட்டத்தில் அவள் வாயைத் திறந்ததுமே இவர் வீட்டு ரிசீவரில் பிளாங்கர் பொத்தித் திறந்து பொத்தித் திறந்து, குரல் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். இவர் யோசிக்கவில்லை. ஆனி மாதத்து முதல் ஞாயிறே எல்லோருக்கும் கேட்க அறிவித்தார்.

"வடகரை ஸ்டேஷன், உங்க சிக்னல் மேலயும் கீழயும் சிதறுது. அலைவரிசையவே அசிங்கம் பண்ணுதிய. கருவிய சரி பண்ணாம இனிமே பேசக் கூடாது."

அவள் கருவியைப் பிரித்துப் பார்த்தாள், இணைப்புகளை மாற்றினாள், மைக்கை மாற்றினாள், பவரைப் பாதியாகக் குறைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் வந்து, "இப்போ எப்படி இருக்கு சார்?" என்று கேட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் அவர், "சிதறுது" என்றார். என்னிடம் இருப்பது சாதாரண ரிசீவர், பிளாங்கரே கிடையாது. அதில் அவள் குரல் மணிபோல் கேட்டது. சொன்னேன்.

"உம்ம செட்டுக்குக் காது இல்லவே" என்றார்.

மதுரையிலிருந்து பேசும் ஹாம் ஒருவரும் நன்றாகக் கேட்பதாகச் சொன்னார். அதற்கு இவர் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன்.

"மதுர தூரம்லா. அங்க போய்ச் சேருததுக்குள்ள அழுக்கெல்லாம் வடிஞ்சிரும்."

பிறகு, உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் புகார் எழுதப் போவதாகச் சொன்னார். அவருக்கு அது ஒரு தபால்தலைச் செலவு. அவளுக்கு என்ன என்பதை அவளே போனில் சொன்னாள்.

"வயர்லெஸ்ஸுன்னு போட்டு ஒரு தாள் இந்த வீட்டுக்கு வந்தாப் போதும் அண்ணாச்சி. விசாரணை, கிசாரணைன்னு யாரும் வரவே வேண்டாம். மாமா அன்னைக்கே கம்பத்த எறக்கிருவாவ. மச்சானும் ஷார்ஜாவுல இருந்துக்கிட்டு எறக்குன்னுதான் சொல்லுவாவ. அவுகளைக் குத்தம் சொல்லவும் முடியாது. எங்க பள்ளிவாசல் தெருவுல போலீஸ் ஜீப் நின்னா, எதுக்கு நின்னுச்சுன்னு ஒரு வருசம் பேசுவாவ."

இதை அப்படியே அவரிடம் போய்ச் சொன்னேன். "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார்.

புகாரில் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு ஞாயிறு எங்களை வீட்டுக்கு வரச் சொன்னார். நானும், குழுவில் இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவரும், மருந்துக்கடைக்காரர் ஒருவரும் போனோம். வெளியே சாரல். கம்பி நனைந்து கிடந்தது. ரிசீவரைப் போட்டார். அவள் யாருக்கோ வடகரை வானிலை சொல்லிக்கொண்டிருந்தாள். கரகரவென்று தகரத்தை இழுத்ததுபோல் கேட்டது. அவர் அலைவரிசையை மேலே திருப்பினார், அங்கும் கரகரப்பு. கீழே திருப்பினார், அங்கும்.

"கேட்டியளா? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"ஆமா, ரொம்ப மோசம்" என்றார் மருந்துக்கடைக்காரர். ஆசிரியர் ஏற்கெனவே பேனாவை எடுத்துவிட்டார்.

எனக்குத் திருகு தெரிந்தது. முகப்பில் வலது ஓரத்தில், கடைசி எண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவருடைய கருவியை யாரும் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். உள்ளேயிருந்து அவர் மனைவி காபி என்று கூப்பிட்டார். தட்டை வாங்க அவர் எழுந்து திரும்பினார். நான் கையை நீட்டித் திருகை இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன்.

"…இங்கன சாரல் நல்லா விழுது. காத்தும் இருக்கு. தென்னை மட்டை ஒண்ணு ஏரியல்ல விழப் பாத்துச்சு, தப்பிச்சிட்டு. ஓவர்."

அந்த அறையில் அவளே நின்று சொன்னதுபோல் இருந்தது. அலைவரிசையை மேலே திருப்பினேன், சிதறல் இல்லை. கீழே திருப்பினேன், இல்லை. கம்பி இரைச்சலும் இல்லை, மழை பார்த்துக்கொண்டது. தட்டோடு திரும்பியவர் அப்படியே நின்றார். என் கையைப் பார்த்தார். கை இருந்த இடத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. காது சிவந்தது. ஒரு மனிதனுக்குத் திருந்த எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் அவருக்குக் கிடைத்தது. தட்டை மேசையில் வைத்தார்.

"பாத்தியளா! நான் சொல்லச் சொல்ல இன்னைக்குத்தான் ஒழுங்கா சரி பண்ணிருக்கா" என்றார்.

"ஆமாமா, இப்போ சுத்தமா இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர். ஆசிரியர் பேனாவை மூடினார். பேனாவை எடுக்கும்போதும் மூடும்போதும் அவர் முகம் ஒரே மாதிரி இருந்தது.

"திருகத் தணிச்சதாலதான் அண்ணாச்சி" என்றேன்.

"எந்தத் திருகு?" என்று கேட்டுக்கொண்டே அவர் அதை மறுபடி வலது கோடி வரை திருப்பினார். "மழை நின்னா லைன் இரைச்சல் வந்துரும்லாவே. பிறகு தூரத்து ஸ்டேஷன் எப்படிக் கேக்கும்?"

புகாரை அனுப்பவில்லை. ஆனால் நிபந்தனை விதித்தார். அடுத்த ஞாயிறு கூட்டத்தில், தன் கருவியில் பிழை இருந்தது என்றும் அவருடைய வழிகாட்டுதலால் சரியானது என்றும் எல்லோரும் கேட்க அவள் நன்றி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் தாள் மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது. இந்த உத்தரவை வடகரைக்கு எடுத்துப் போகிறவனாக என்னைத்தான் நியமித்தார்.

போனேன். மறுத்துவிடு என்று சொல்லத்தான் போனேன். அவள் மாடியில் டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். திருகு விஷயத்தைச் சொன்னதும் முதலில் முகம் விரிந்தது.

"அப்போ எங்கிட்ட ஒண்ணும் இல்லையா? அல்ஹம்துலில்லாஹ். மூணு வாரமா அந்தக் கருவியப் பிரிச்சுப் பிரிச்சுப் பூட்டுதேன். ஒரு ஸ்க்ரூ மிச்சமாவே இருக்கு, எங்கன உள்ளதுன்னே தெரியல." சிரித்தாள். பிறகு நிபந்தனையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"நீ சொல்ல வேண்டாம்மா. நான் எழுதித் தாரேன், மதுரைக்காரர் எழுதித் தருவாரு. புகார் வந்தா வரட்டும், பதில் சொல்லிரலாம்" என்றேன்.

"பதில் நீங்க ஆபீசுக்குச் சொல்லுவிய. மாமாவுக்கு யாரு சொல்லுவா?"

"அந்த ஆளுக்கு நன்றியா?"

"வாயால சொல்லுததுதான அண்ணாச்சி?"

அடுத்த ஞாயிறும் நான் அவள் மாடியில்தான் இருந்தேன். காலையிலேயே அங்கே போய்விட்டேன், ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மாமனார் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கம்பத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழே போனார். கூட்டம் தொடங்கியது. அவர் ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூப்பிட்டு வந்து, குரலைக் கொஞ்சம் தடிக்க வைத்துக்கொண்டு, "வடகரை ஸ்டேஷன்" என்றார்.

அவள் பித்தானை அழுத்தினாள்.

"காலை வணக்கம் சார். என் கருவியில ஒரு பிழை இருந்தது. நீங்க வழிகாட்டினதால அது சரியாயிட்டு. ரொம்ப நன்றி. ஓவர்."

பிறகு அவர் குரல் வந்தது.

"வடகரை, உங்க பேச்சு உடையுதும்மா. நன்றிங்கிற எடம் மட்டும் முழுசா விழல. மறுபடி சொல்லுங்க."

நான் மைக்குக்குக் கையை நீட்டினேன். அவள் தலையை அசைத்து, அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, மறுபடி சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். நிறுத்திச் சொன்னால் பிளாங்கருக்குக் கொண்டாட்டம்.

"இன்னும் உடையுது. எல்லாரும் கேக்கணும்லா. இன்னொரு தடவ."

அவருக்கு மட்டும்தான் உடைந்தது. மற்ற எல்லோருக்கும் இரண்டு தடவையும் முழுசாகக் கேட்டிருக்கும். அவள் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள், குரலை முணுமுணுப்பு அளவுக்குத் தணித்தாள், எங்கோ கடல் தாண்டி இருக்கிறவள்போல் மெலிதாக மூன்றாவது முறை நன்றி சொன்னாள்.

"ஆங், இப்போ அருமையா இருக்கு" என்றார் அவர்.